தொட்டி வண்டிக்கு ஒரு இன்சூரன்ஸ்

என் தம்பியைப் பாவாடை என்று பேர் சொல்லிக் கேட்டால் செஞ்சியில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொட்டி வண்டிக்காரர் என்று கேளுங்கள். பஸ் ஸ்டாண்டு பூக்காரி முதல் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வரைக்கும் வீட்டுக்கு வழி காட்டுவார்கள்.

வண்டி பழைய புல்லட். அதன் இடது பக்கம் ஒரு தகரத் தொட்டி, தொட்டிக்கு ஒரு தனிச் சக்கரம். சைடுகார் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்குத் தொட்டிதான். கோட்டையைப் பார்க்க வருகிற பிள்ளைகள் வழியில் வண்டியைப் பார்த்துவிட்டால் மலையை மறந்துவிட்டு இதோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவனும் சிரித்துக்கொண்டு நிற்பான். ஆனால் தொட்டியில் மட்டும் யாரையும் உட்கார விட மாட்டான். அது அவன் பொண்டாட்டி மீனம்பாள் உட்காருகிற இடம்.

அந்தத் தொட்டி வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாவாடை பம்புசெட் மெக்கானிக். சுத்துப்பட்டு ஊரில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுவார்கள். ரைஸ்மில்காரர் ஒருவர் ஓட்டிச் சலித்த புல்லட்டை வாங்கி, எஞ்சினைப் பிரித்துப் போட்டு, மூன்று மாதம் குந்தி வேலை பார்த்து ஓட வைத்தான். கல்யாணமான புதிதில் மீனம்பாளைப் பின்னால் உட்கார வைத்துத் தொண்டூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனான். பாதி வழியில் புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டி அவள் கீழே விழுந்தாள். தோள்பட்டை இறங்கிவிட்டது. அதற்கப்புறம் பின் சீட்டில் ஏறவே மாட்டேன் என்றாள். பஸ்ஸில் போகலாம் என்றால் அதுவும் முடியாது. பஸ் கிளம்பிப் பத்தாவது நிமிஷம் வாந்தி எடுப்பாள். காரும் அப்படித்தான். மூடின வண்டி எதுவும் அவளுக்கு ஒத்துக்காது.

“காத்து வரணும், கீழ விழவும் கூடாது. அப்பிடி ஒரு வண்டி இருந்தா நான் வரேன்” என்றாள்.

வேறு ஒருத்தனாக இருந்தால் நீ வீட்டிலேயே கிட என்று விட்டிருப்பான். இவன் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் இந்தத் தொட்டியைக் கண்டுபிடித்துக் கொண்டு வந்து மாட்டினான். அன்றிலிருந்து அவள் போன இடமெல்லாம் அதில்தான் போனாள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, அமாவாசைக்கு மேல்மலையனூர், எல்லாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன புரட்டாசியில், திருவண்ணாமலை ரோட்டில் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாடையையும் நிறுத்தினார்கள். இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அது அவனுக்கே தெரியாது. துரைக்கண்ணு என்று ஒரு வயதான ஏஜெண்டு இருந்தார். வருஷா வருஷம் அவரே பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார். அவர் சித்திரையில் செத்துப்போனார். அவரோடு அந்த நினைப்பும் போய்விட்டது. போலீஸ்காரர் அபராதம் போட்டார். அடுத்த முறை இன்சூரன்ஸ் இல்லாமல் பார்த்தால் வண்டி ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அபராதம் போனது போகட்டும். அப்போது வளைகாப்புக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. மங்கை அவர்களுடைய ஒரே பெண். தளவானூரில் கட்டிக் கொடுத்து ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பூச்சி தங்கியிருக்கிறது. அந்த வளைகாப்புக்குப் பெற்றவள் போகாமல் இருப்பாளா? போவதற்கு அந்தத் தொட்டியை விட்டால் அவளுக்கு வேறு வழி ஏது?

பாவாடை மறுநாளே தேவேந்திரனிடம் போனான். ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேஜை போட்டு இன்சூரன்ஸ் எழுதுகிற பையன். நானும் மீனம்பாளும் கூடப் போனோம். தேவேந்திரன் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினான். ஒரு கம்பெனி, இவ்வளவு பழைய வண்டிக்குக் கிடையாது என்றது. இன்னொன்று, பழங்கால வண்டிக்கு மதிப்புப் போட ஆள் வர வேண்டும் என்று சொல்லி ஒரு தொகை கேட்டது. அதைக் கேட்டதும் பாவாடை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

“அந்தக் காசுக்கு இன்னொரு புல்லட்டே வாங்கலாம் போலகுதே!”

“குந்து மாமா, டென்ஷன் ஆவாத” என்றான் தேவேந்திரன். “அம்பது வருஷம் தாண்டுன வண்டிக்குத் தனியா ஒரு நம்பர் தராங்களாம். அத வாங்கிட்டா வண்டிக்கு மரியாத. ஆனா தெனமும் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, அந்த மாதிரிதான் எடுத்துக்கினு போவணும்.”

“நல்லாகுது. உங்க அத்தைய எந்தக் கண்காட்சியில கொண்டு போயி வெக்கறது?”

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். மீனம்பாள் சிரிக்கவில்லை.

கடைசியாக ஒரு கம்பெனி மலிவாக வந்தது. ஆயிரத்துச் சொச்சம்தான். எதிரில் வருகிறவனுக்கு அடிபட்டால் கம்பெனி கொடுக்கும், போலீசுக்கும் அது போதும். பாவாடை சட்டைப் பையில் கை விட்டுவிட்டான்.

அந்தப் பையனை நான் பாராட்ட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லிடறேன். இதுல வெறும் மோட்டார் சைக்கிள்னுதான் இருக்குது. தொட்டி இல்ல. தொட்டில குந்தினு வரவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு பைசா வராது. தொட்டிய எழுதாம ஓட்டறதே தப்புன்னும் சொல்லுவாங்க.”

“அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ? அவ இன்னா விழவா போறா?” என்றான் பாவாடை.

“இரு இரு” என்றாள் மீனம்பாள். “தேவேந்திரா, இதுக்கு முன்னாடி அந்தப் பெரியவரு குடுத்த பேப்பருல இருந்துச்சா?”

பழைய பேப்பரையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அவன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

“எதுலயும் இல்ல அத்தை.”

“அப்போ முப்பது வருஷமா நான் அந்த வண்டில இல்லவே இல்லியா?”

துரைக்கண்ணு நல்ல மனுஷர்தான், மோசம் பண்ண நினைத்திருக்க மாட்டார். மலிவாக முடித்துக் கொடுத்தால் பாவாடைக்குச் சந்தோஷம் என்று இருந்திருப்பார். ஆனால் மீனம்பாள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“மூட்டை ஏத்தினா மூட்டைக்கு ஒரு சீட்டு குடுக்கறாங்க கமிட்டில. எனக்கு அதுகூட இல்ல” என்றாள். “நான் குந்தற எடத்த அதுல எழுதணும். எழுதினாதான் ஏறுவேன்.”

“பொண்ணு வளைகாப்புக்கு வர மாட்டியா?”

“நடந்து போறேன்.”

“தளவானூருக்கா!”

“முந்தின நாளே கெளம்பறேன்.”

பாவாடை என்னைப் பார்த்தான். “யக்கா, நீயாவது சொல்லேன்.”

“அவ சொல்றதுல இன்னாடா தப்பு?” என்றேன் நான். “உங்கூட முப்பது வருஷம் வந்தவ. ஒரு வரி எழுதறதுக்கு உனக்கு வலிக்குதா?” தம்பி என்பதற்காக அவன் பக்கம் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

தொட்டியையும் சேர்த்து எழுதலாம் என்று தேவேந்திரன் சொன்னான். ஆனால் அதற்கு ஆர்.சி. புத்தகத்தில் தொட்டி இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மோட்டார் சைக்கிள் என்று மட்டும்தான் ஏற்றியிருக்கிறார்களாம். பழைய புத்தகத்தில் இருந்தால் அதைக் காட்டித் திருத்தலாம்.

“புத்தகத்துல இருக்குது! முத்திரையே குத்திக் குடுத்தாங்க!” என்று பாவாடை வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தோடு வந்தான்.

இருந்தது என்னவோ உண்மை. ஆனால் பாருங்கள், எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாது. வண்டியின் புத்தகத்துக்கும் வைக்க வேண்டும். எங்கள் நைனா காலத்தில் நிலத்துப் பத்திரத்துக்கு வைப்பார்கள். அந்த வழக்கம் வண்டிப் புத்தகத்துக்கும் வந்துவிட்டது. முதல் வருஷம் பாவாடை புத்தகத்தைத் திறந்து, தொட்டிக்கு முத்திரை குத்தின பக்கத்தில் மஞ்சள், சந்தனம், குங்குமம் என்று மூன்றும் வைத்தான். அதுதானே அவனுக்குப் பெருமையான பக்கம். அடுத்த வருஷமும் அதே பக்கம், அதே இடம். முப்பது ஆயுத பூஜை. அந்தப் பக்கம் கோயில் படி மாதிரி தடித்துப் போயிருந்தது. எழுத்து எங்கே, முத்திரை எங்கே? நான் எழுத்துத் தெரியாதவள். அன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்த தேவேந்திரனும் என்னைப் போலத்தான் நின்றான்.

“இன்னா மாமா இது! ஒரு ஓரமா வெச்சிருக்கக் கூடாதா?”

“சாமிக்கு வெக்கறத ஓரமாவா வெப்பாங்க?”

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவன் மெக்கானிக் இல்லையா. எந்தக் கறைக்கும் பெட்ரோல்தான் மருந்து என்று முப்பது வருஷமாக நம்புகிறவன். அன்று மத்தியானம் வாசலில் உட்கார்ந்து, பழந்துணியைப் பெட்ரோலில் நனைத்து, பூப்போலத் துடைத்தான். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் கலைந்தது. கூடவே மையும் கலைந்து துணியோடு வந்துவிட்டது. மஞ்சள் மட்டும் போகவில்லை. கடைசியில் மஞ்சளாக, சுத்தமாக, ஒன்றுமே எழுதாத ஒரு பக்கம் அவன் மடியில் கிடந்தது.

மீனம்பாள் வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ நேரே உள்ளே போய் மாவாட்டும் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் பாவாடை அந்தப் பக்கத்தைக் காற்றில் ஆட்டிக்கொண்டே இருந்தான், காய்ந்தால் எழுத்து திரும்பி வரும் என்கிற மாதிரி.

“யக்கா, அவ வரவே மாட்டாளா?” என்று கேட்டான்.

“வண்டிய எடுத்துக்கினு ஆபீசுக்குப் போ. இன்னா சொல்றாங்கன்னு கேளு” என்றேன்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்று போலீஸ்காரர் சொன்னது அவன் மனசில் நின்றுவிட்டது. அதனால் ஆபீசுக்குத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு மெக்கானிக் பையன்கள் பின்னால் தள்ள, அவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். தொட்டி காலியாக முன்னால் போனது. நானும் மீனம்பாளும் பின்னால் நடந்தோம். ஊரே பார்த்தது. டீக்கடையிலிருந்து ஒருத்தர் கத்தினார்:

“இன்னா பாவாடை, பொண்டாட்டி கோச்சிக்கினாளா? எறங்கி நடக்குது?”

“ஆமாய்யா, ஒன்னையாட்டம் குந்தச் சொன்னா குந்தற ஆளா அவ?”

ஆபீசில் ஷோபனா என்று ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து தொட்டி மாட்டியிருக்கிற இடத்தை, போல்ட்டுகளை, சக்கரத்தைப் பார்த்தார். வேலை நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். அப்புறம் புத்தகத்தைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டு போனார்.

“ஐயா, இது இன்னா பெட்ரோல் வாசன அடிக்குது?”

பாவாடை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“தொட்டி இருக்குதுன்னு என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா என் கண்ண வெச்சி நான் எழுத முடியாது ஐயா. புதுசா மாத்தினதா எழுதணும்னா செஞ்சவங்க சர்ட்டிபிகேட், அது இதுன்னு மாசக் கணக்குல ஆகும்.”

“பதினாலு நாள்ல வளைகாப்பு மேடம்.”

“அப்போ ஒரே வழிதான். அன்னிக்கு முத்திரை குத்தும்போது ஆபீஸ் ரிஜிஸ்டர்லயும் ஏத்தியிருப்பாங்க. பழைய ரிஜிஸ்டரெல்லாம் உள்ள ரூம்ல கட்டுக் கட்டா இருக்குது. எந்த நாள்னு சொன்னீங்கன்னா தேடச் சொல்றேன். நாள் தெரியலன்னா முடியாது. ஒரு வருஷத்துக்கே நாலு கட்டு.”

பாவாடை யோசித்தான். “மங்கை பொறந்த வருஷம் மேடம். இல்ல... அதுக்கு அடுத்த வருஷமோ.”

“மழ பெஞ்சி ஏரி ஒடஞ்ச வருஷம்டா” என்றேன் நான்.

“அது அதுக்கும் முந்தி யக்கா.”

“இல்லடா.”

“ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க” என்றாள் மீனம்பாள். அதுவரைக்கும் வேப்பமர நிழலில் நின்றிருந்தவள் முன்னால் வந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

“எம் பொண்ணுக்குப் பால் மறக்கடிச்ச நாளும்மா அது. கார்த்திகையில பொறந்தா. அடுத்த வருஷம் போயி அதுக்கு அடுத்த வருஷம், வைகாசி. காலைல வேப்பெலை அரைச்சித் தடவிட்டு, அழுவற புள்ளைய எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். தொட்டில ஒரு ஆளு குந்தி ஓட்டிக் காட்டணும்னு அப்போ இருந்த இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு. மூணு தடவ சுத்தினாங்க. பால் கட்டிக்கினு, தூக்கித் தூக்கிப் போட, நான் பட்ட வலி எனக்குத்தான் தெரியும். வைகாசி, மொத வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம போயி பால நிறுத்துவாங்களான்னு எங்க அம்மா திட்டுனாங்க. அதனால நல்லா நெனவிருக்குது.”

பாவாடை வாயைத் திறந்து நின்றான். “எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீ கேட்டியா?”

ஷோபனா அம்மா மங்கை பிறந்த வருஷத்தைக் கேட்டு, விரல் விட்டு எண்ணி, உள்ளே ஒரு ஆளைக் கூப்பிட்டு மாதம், வாரம் எல்லாம் சொன்னார். நாங்கள் வெளியில் உட்கார்ந்திருந்தோம். கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மெக்கானிக் பையன்களுக்கும் கொடுத்தோம். வெயில் இறங்குகிற நேரத்தில் அந்த ஆள் தலையெல்லாம் தூசியாக ஒரு பெரிய ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வண்டி நம்பர், பாவாடை பேர், சைடுகார் பொருத்தப்பட்டது, உட்காருபவர் ஒருவர் என்று அதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார்.

“தேதியும் வெள்ளிக்கெழமதாம்மா” என்றார் மீனம்பாளிடம்.

கம்ப்யூட்டரில் திருத்தப் பத்து நாள் ஆனது. அதற்கப்புறம் தேவேந்திரன் பாடு. கம்ப்யூட்டரில் எழுதினால் தொட்டிக்குக் கட்டமே கிடையாதாம். அதனால் விழுப்புரத்தில் ஒரு கம்பெனி ஆபீசுக்கு நேரில் போனான். முதல் நாள், மேனேஜர் லீவு. இரண்டாவது நாள், வண்டி போட்டோ கேட்டார்கள். மூன்றாவது நாள் கையில் பேப்பரோடு வந்தான். முதலில் சொன்ன மலிவுத் தொகைக்கு மேலே ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை நாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையனிடம் காட்டவில்லை. பஸ் காசுகூட அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

“எங்க எழுதியிருக்குது?” என்று கேட்டாள் மீனம்பாள்.

அவன் விரல் வைத்துக் காட்டினான். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் அது இங்கிலீஷ்.

“படி.”

படித்தான்.

“தமிழ்ல சொல்லு.”

“சைடுகார்ல ஒரு ஆளு அத்தை. அந்த ஆளுக்கும் சேத்துதான் இன்சூரன்ஸ்.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“அத்தை, நாளைக்கு வளைகாப்பு. கெளம்பற வேலையப் பாரு” என்று அவன் கும்பிட்டான்.

மறுநாள் பத்தரைக்குள் வளையல் அடுக்க வேண்டும். வரிசைத் தட்டு, சித்ரான்னம் கட்டின தூக்கு எல்லாம் இருந்தது. பாதியைத் தொட்டியில் வைக்கலாமே என்றேன். பாவாடை ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒரு ஆளுன்னுதான் போட்டிருக்குது யக்கா. தட்டுன்னு போடல.”

“எலேய், பேப்பர் வந்ததும் சட்டம் பேசறியா?”

“நீதான ஒரு வரி எழுத வலிக்குதான்னு கேட்ட?”

அதனால் அத்தனை சாமானையும் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் போனேன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது ஜன்னல் பக்கம். மண்டகப்பட்டு தாண்டுவதற்கு முன்னால் பஸ் அவர்களைத் தாண்டியது. பாவாடை நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தான். மீனம்பாள் பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் கவரில் போட்ட பேப்பரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள், காற்றில் போய்விடுமாம். நான் ஜன்னலில் கையை நீட்டி, “மீனா! மீனா!” என்று கத்தினேன். கண்டக்டர் திட்டினார். அவளுக்குக் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்து அரை மணி நேரம் கழித்துத் தொட்டி வண்டிச் சத்தம் கேட்டது. மங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஏம்மா இவ்வளோ நேரம்? பயந்தே பூட்டேன்.”

“உங்கப்பா இன்னிக்கி மாட்டு வண்டியாட்டம் ஓட்டறாரு” என்று சொல்லிக்கொண்டே மீனம்பாள் இறங்கினாள். பேப்பரைப் பாவாடை கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் பெண்ணின் கன்னத்தில் வைத்தாள்.

பாவாடை உள்ளே வரவில்லை. பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் தொட்டியை நிழல் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் போகும்போது சீட்டு சுடக் கூடாதாம்.